ஆராய்ச்சிச் சம்பளம் யாருக்கு?

எம்.ஏ., எம்.எட். முதலிய பரீட்சைகளில் தேறிய பிறகு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நாலைந்து வருஷ காலம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறும் மாணவர்களுக்கு மாதந்தோறும் கொடுக்கப்படுகிற தொகையைப் பற்றி இவ்வாரம் எழுத வேண்டியதாயிருக்கிறது. நம் வாசகர்களில் பலர் கிராமத்தார். இது யாரோ பட்டணத்துப் படிப்பாளிகளின் காரியம், நமக்கென்ன என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். உங்கள் பிள்ளை எத்தனை வகுப்பு வரை படிப்பது, எந்தப் பாஷையில் படிப்பது, எந்த வகுப்பில் தேறவில்லையென்று நிறுத்தப்படுவது என்பவைகளையெல்லாம் முடிவு செய்கிற மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பக்கத்தில் நின்று, “ஆராய்ச்சி இப்படிச் சொல்லுகிறது” என்று ஓதுகிறவர்கள் யாரோ, அவர்களை உண்டாக்குகிற இடம் இதுதான். அந்த இடத்தில் யார் உட்காருவது என்பது நம்முடைய காரியமே தவிர வேறல்ல.

முதலில் இதன் பெயரைக் கவனிப்போம். பழைய நாளில் உபகாரச் சம்பளம் என்றார்கள். இப்போது உதவித்தொகை என்கிறார்கள். இரண்டு பெயரும் நமக்குப் பிடிக்கவில்லை. உபகாரம் என்றால் கொடுக்கிறவன் தர்மவான், வாங்குகிறவன் யாசகன் என்று ஆகிவிடுகிறது. காலையில் புத்தகசாலைக்குப் போய் இரவு வரையில் உழைத்து, ஊர் ஊராய்ச் சுற்றிக் கணக்கெடுத்து, நூற்றுக்கணக்கான பக்கம் எழுதி, இடையிடையே கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுக்கிற ஒருவனுக்குக் கொடுக்கப்படுவது கூலியா, பிச்சையா? கலெக்டர் வாங்குவதை யாராவது உதவித்தொகை என்கிறார்களா? ஆகையால் நாம் இதை ஆராய்ச்சிச் சம்பளம் என்றே எழுதுவோம்.

“இருபத்தைந்து வயதாகியும் இன்னும் என்ன படிப்பு?” என்று கிராமத்தில் கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். தகப்பன் வக்கீலாகவோ உத்தியோகஸ்தனாகவோ இருந்தால், பையன் முப்பது வயது வரையில் படித்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். களைபறிக்கப் போகிற தாயின் பிள்ளை எம்.ஏ. தேறினால், மறுமாதமே பணம் வருமென்று வீடே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். தங்கையின் கலியாணம் அவன் தலையில், கடன்காரன் அவன் வாசலில். இந்த நிலையில் அவனுக்கு மாதச் சம்பளம் இல்லையென்றால், அவன் மூளை எவ்வளவு கூர்மையாயிருந்தாலும் ஆராய்ச்சிக்குள் கால் வைக்க முடியாது. அப்போது ஆராய்ச்சி யாருக்கு மிஞ்சும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

யார் ஆராய்ந்தால் என்ன, உண்மை உண்மைதானே என்று சில பண்டிதர்கள் சொல்லுவார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்ற விஷயத்தில் அது சரியாயிருக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் அது செல்லாது. “இந்தப் பிள்ளை ஏன் பாதியில் நின்றுவிட்டான்?” என்று ஒருவர் ஆராய்கிறார். பள்ளிக்கூடத்தில் அவமானமே பட்டறியாதவராயிருந்தால் அவருக்குக் கிடைக்கும் விடை, “பெற்றோருக்குக் கல்வியில் சிரத்தையில்லை” என்பது. அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடம் படிக்கும்போது துடைப்பம் எடுக்கச் சொல்லப்பட்ட ஒருவர் ஆராய வந்தால், அவர் முதலில் கேட்பது “துடைப்பத்தை யார் கொடுத்தது?” என்பதாயிருக்கும். கேள்வி மாறினால் விடையும் மாறித்தானே தீரும்?

இது வெறும் வாதமல்ல. இந்த நாட்டில் நடந்த ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்ளுவோம். 1953ஆம் வருஷம் சென்னை ராஜ்யத்தில் தோழர் ராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்தபோது கிராமத்துப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரந்தான் பள்ளியில் இருக்க வேண்டும். மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். அதாவது வண்ணான் மகன் வெளுக்கவும், அம்பட்டன் மகன் சிரைக்கவும் பழகுவதற்குச் சர்க்காரே மணி அடித்து அனுப்பும் ஏற்பாடு. எதிர்ப்பு பலத்தபோது அத்திட்டத்தைப் பரிசீலனை செய்யப் பாருலேகர் என்னும் கல்வி நிபுணர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டி என்ன சொல்லிற்று தெரியுமா? திட்டம் நல்ல திட்டமென்றே சொல்லிற்று! கல்வியைக் கரைத்துக் குடித்தவர்களுக்குச் சரியாகப் பட்டது, கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்களுக்கு அக்கிரமமாகப் பட்டது. கடைசியில் 1954இல் ராஜகோபாலாச்சாரியார் போய்க் காமராஜர் முதன் மந்திரியானதும் திட்டம் குப்பைக்குப் போயிற்று. அந்த நிபுணர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவராவது, “தகப்பன் தொழில்தான் உனக்கு” என்று சொல்லப்பட்டால் நெஞ்சு எப்படி எரியும் என்பதை அறிந்தவராயிருந்தால் அறிக்கை அப்படி வந்திருக்குமா என்றுதான் கேட்கின்றோம்.

இதற்கு எழுபது வருஷத்துக்கு முன்னமே, 1882இல், ஹண்டர் கல்விக் கமிஷன் முன்பு புனாவிலிருந்து ஜோதிராவ் புலே சாட்சியம் கொடுத்தார். சர்க்காரின் வருமானத்தில் பெரும் பகுதி உழவனுடைய வியர்வையிலிருந்து வருகிறது. அதை மேல் ஜாதியாருடைய உயர்தரப் படிப்புக்குச் செலவழித்துவிட்டு உழவன் பிள்ளையை எழுத்தறியாமல் விட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டின் சாரம். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் டாக்டர் பட்டம் வாங்கினவரல்ல. தோட்டக்காரர் ஜாதியில் பிறந்து, தாமும் தம் மனைவியாரும் பெண்களுக்கும் தீண்டப்படாதவர்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்து நடத்தினவர். அந்த அனுபவந்தான் அவருக்கு ஆராய்ச்சி.

சம்பளம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. பள்ளியில் தனியாகக் கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்ட, குழாய்த் தண்ணீரைத் தன் கையால் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட ஒரு பையன் பிற்காலத்தில் பி.ஏ. தேறினான். பரோடா மகாராஜா சயாஜிராவ் அவனுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்துக்கு ஏற்பாடு செய்து, 1913இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில், கல்வித் தத்துவத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஜான் டூயி என்பவருடைய வகுப்பில் அவன் உட்கார்ந்தான். 1916இல் இந்தியாவில் ஜாதிகள் எப்படி உண்டாயின, எப்படி நிலைத்தன என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை படித்தான். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். மாதம் பதினொன்றரைப் பவுன்! அந்தப் பணத்துக்குக் கிடைத்த வட்டியை இன்று வரையில் யாராவது கணக்குப் பார்த்து முடித்தார்களா? (பணம் மாத்திரம் போதாது என்பதற்கும் அவரே சாட்சி. 1917இல் திரும்பி வந்து அதே பரோடாவில் உத்தியோகம் பார்க்கப் போனவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்து துரத்தினார்கள்.)

நிற்க, இன்றைய நிலைமைக்கு வருவோம். இந்தியா முழுமைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு நடத்தி வைத்த ‘நெட்’ என்னும் பரீட்சை ஒன்று இருக்கிறது. அதில் மேல் வரிசையில் தேறினவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 என்றும், இரண்டு வருஷத்துக்குப் பின் ரூ.42,000 என்றும் நிர்ணயித்தார்கள். நல்ல தொகைதான், வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். அந்தப் பரீட்சையில் இந்தச் சம்பளத்துக்குரிய வரிசையில் வராமல், ஆனால் மத்திய சர்வகலாசாலைகளில் நுழைவுப் பரீட்சை தேறி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்கிறவர்களுக்கு எவ்வளவு? மாதம் எட்டாயிரம். 2015இலும் எட்டாயிரம், 2023இல் மற்றவர்களுக்கு உயர்த்தினபோதும் எட்டாயிரம். இதே இடைக்காலத்தில் முன் சொன்னவர்களுடைய தொகை 25 ஆயிரத்திலிருந்து 31 ஆயிரமாகி 37 ஆயிரமாகியும் விட்டது. எட்டாயிரத்தை முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள், தினம் ரூ.266 சொச்சம் வரும். 2024இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ரூ.319. ஏரியில் மண் அள்ளும் தாய்க்கு நிர்ணயித்த கூலியை விட, டாக்டர் பட்டத்துக்கு ஆராயும் மகனுக்கு நிர்ணயித்த கூலி குறைவு! தாயின் கூலி அதிகமென்று நாம் சொல்லவில்லை, அதுவும் கொஞ்சந்தான்.

இந்த எட்டாயிரத்தையும் பறித்துவிட 2015 அக்டோபரில் மானியக் குழு தீர்மானம் செய்தது. டில்லியில் அதன் ஆபீஸ் வாசலில் பிள்ளைகள் இரவும் பகலுமாய்க் குளிரில் உட்கார்ந்தார்கள்; போலீஸ் தடியடியும் பட்டார்கள். பிறகுதான் பறிப்பதில்லையென்று சர்க்கார் இறங்கி வந்தது. கேட்காமல் கொடுக்கிறவர்களை நாம் எங்கும் கண்டதில்லை.

தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் 2005ஆம் வருஷம் ராஜீவ் காந்தி பெயரால் தனி ஆராய்ச்சிச் சம்பளம் ஏற்பட்டது. இந்த ஏற்பாட்டின் பலன் பெரியது. தலைமுறை தலைமுறையாய்ச் சர்வகலாசாலை மதிலைக் கூடத் தொடாத குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர், தங்கள் தெரு, தங்கள் பள்ளிக்கூடம் இவைகளைப் பற்றியே எழுதவும் ஆரம்பித்தார்கள். சிறுபான்மை மதத்தாருக்கு 2009இல் மௌலானா ஆசாத் பெயரால் ஒன்று ஏற்பட்டது. பிற்பட்டோருக்கும் பின்னால் ஒன்று வந்தது. பிறகு என்ன நடந்தது? 2018 முதல் இவைகளில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த ‘நெட்’ பரீட்சையே வாசற்படியென்று ஆக்கினார்கள். எந்தப் பரீட்சையைத் தாண்ட முடியாதபடி வசதிக்குறைவு தடுக்கிறதோ, அந்தக் குறைவை ஈடு செய்யத்தான் தனிச் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கே அதே பரீட்சை என்றால், குள்ளனுக்கு ஏணி கொடுக்கிறோம், ஆனால் ஏணி மேல் பரணில் இருக்கிறது, ஏறி எடுத்துக்கொள் என்பது போலல்லவா இருக்கிறது?

2022 டிசம்பரில் மௌலானா ஆசாத் சம்பளத்தை அடியோடு நிறுத்திவிட்டதாகப் பார்லிமெண்டில் அறிவித்தார்கள். காரணம், மற்றத் திட்டங்களோடு ஒன்றின் மேல் ஒன்று படிகிறதாம். ஒருவன் இரண்டு சம்பளம் வாங்க விதியே இல்லாதபோது எது எதன் மேல் படிந்து யாருக்கு நஷ்டம்? பந்தியில் ஓர் இலையை எடுத்துவிட்டு, மற்ற இலைகளிலும் சோறு இருக்கிறதே என்று சொன்னால், இலைக்கு உரியவன் எழுந்து போக வேண்டியதுதான். ஆதிதிராவிடராயிருந்து கிறிஸ்தவரானவர்கள் கதி இன்னும் விசேஷமானது. 1950ஆம் வருஷத்து உத்தரவின்படி அவர்கள் ஷெட்யூல்டு ஜாதியாராக மாட்டார்கள். ஆகையால் அந்தச் சம்பளம் இல்லை. சிறுபான்மையார் சம்பளம் நிறுத்தப்பட்டதால் அதுவும் இல்லை. கோவில் மாறியும் சேரி மாறவில்லை, சேரி மாறாமலேயே சலுகை மாத்திரம் மாறிவிட்டது.

எல்லாவற்றிலும் நம்மை அதிகமாக யோசிக்கச் செய்வது 2022 பிப்ரவரியில் வந்த ஒரு நிபந்தனை. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் முதலியோர் அன்னிய நாடுகளுக்குப் போய்ப் படிப்பதற்காக 1950களிலிருந்தே ஒரு சம்பளம் உண்டு. வருஷத்துக்கு 125 பேர் என்பது அதன் அளவு. அதற்கு விதிகள் வகுக்கும்போது, இந்தியக் கலாச்சாரம், பாரம்பரியம், சரித்திரம், இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி இவைகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். இவைகளை இங்கேயே படிக்கலாமே என்று சமாதானம் சொன்னார்கள். இந்த விதி 1913இல் பரோடாவில் இருந்திருந்தால், ஜாதியைப் பற்றி அம்பேத்கர் எழுதிய கட்டுரைக்கு ஒரு பென்னி கூடக் கிடைத்திராது. இயந்திரத்தைப் படி, மருந்தைப் படி, ஆனால் உன்னை அழுத்துகிற பாரம் எவ்வளவு கனம் என்று மாத்திரம் தூர தேசத்துத் தராசில் நிறுத்துப் பார்க்காதே என்பது இதன் பொருள். தங்கள் கலாச்சாரம் உலகத்துக்கே குருவென்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறவர்கள், அதை ஒரு ஏழைப் பையன் வெளியூரில் உட்கார்ந்து ஆராய்ந்தால் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

சம்பளம் உண்டு என்று காகிதத்தில் இருந்தாலும் கைக்கு வருவது வேறு கதை. ஒவ்வொரு மாதமும் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சர்வகலாசாலை உறுதி செய்து மேலே அனுப்ப வேண்டும். பிறகு பாங்கிக்கு வர வேண்டும். ஆசிரியருக்கு மனம் கோணினால் கையெழுத்துத் தாமதம்; குமாஸ்தா லீவில் போனால் உறுதி தாமதம்; டில்லியில் பணம் ஒதுக்காவிட்டால் எல்லாருக்கும் தாமதம். 2022க்குப் பிறகு சிறுபான்மையார் சம்பளத்தைப் பட்டுவாடா செய்கிற பொறுப்பை மானியக் குழுவிடமிருந்து எடுத்து, தொழிலுக்குக் கடன் கொடுப்பதற்காக ஏற்பட்ட ஒரு கழகத்தினிடம் கொடுத்தார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. சாப்பாட்டு விடுதி மானேஜர் இந்தக் காரணங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாரா?

பாக்கி என்பது வெறும் பணக் கணக்கல்ல. ஐதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2016 ஜனவரி 17ஆம் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசியாக எழுதிவைத்த கடிதத்திலும், தமக்கு ஏழு மாதச் சம்பளம் ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் வர வேண்டியிருக்கிறது, அதை வாங்கித் தம் வீட்டாரிடம் சேர்க்க வேண்டுமென்று எழுதியிருந்தார். சாகப்போகிறவன் கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறான் என்றால், உயிரோடிருக்கும்போது அந்தப் பணத்துக்காக அவன் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருப்பான் என்று நாமே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேர்முகப் பேட்டி என்ற ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2024இல் மானியக் குழு டாக்டர் பட்டச் சேர்க்கைக்கு, மேல் வரிசைக்குக் கீழே வந்தவர்களைப் பொறுத்தவரையில், பரீட்சைக்கு நூற்றுக்கு 70, பேட்டிக்கு 30 என்று வைத்தது. பேட்டியில் என்ன நடக்கிறதென்பது தெரியாததல்ல. டில்லியில் ஜவகர்லால் நேரு சர்வகலாசாலையே போட்ட ஒரு கமிட்டி 2016இல் மார்க்குகளைப் பார்வையிட்டு, எழுத்துப் பரீட்சைக்கும் பேட்டிக்கும் இடையில் ஜாதிவாரியாக வித்தியாசம் தெரிகிறது, பேட்டி மார்க்கை 30லிருந்து 15ஆகக் குறைத்தால் அது குறையும் என்று சொல்லிற்று. விடைத்தாளில் பெயர் தெரியாது; பேட்டியில் முகம் தெரியும், பேச்சு தெரியும், ஊர் தெரியும். அதனால்தான் அந்த முப்பதை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

டில்லியை மட்டும் குறை சொல்லி நம் வீட்டை மறைப்பது யோக்கியமாகாது. தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆதிதிராவிடர், பழங்குடி ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருஷம் ஐம்பதாயிரம் கொடுத்து வந்ததை ஒரு லட்சமாக்கியது. இரட்டிப்பாக்கினதற்குப் பாராட்டுகிறோம். ஆனால் மாதத்துக்கு வகுத்தால் எட்டாயிரத்து முன்னூற்று முப்பத்துமூன்று. டில்லியின் எட்டாயிரத்துக்கு இது அண்ணன்தான், ஆனால் இரட்டைப் பிள்ளையில் அண்ணன்.

கல்வித் துறை ஆராய்ச்சியின் தரத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நம் கல்வியியல் கல்லூரிகளில் நடப்பதில் பெரும் பகுதி, நாலு பள்ளியில் அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்து, வந்த விடையைச் சதவிகிதமாக்கி, ‘மாணவர்களின் தன்னம்பிக்கைக்கும் மார்க்குக்கும் சம்பந்தமுண்டு’ என்று முடிப்பதாயிருக்கிறது. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டுமா? டீக்கடையில் கேட்டாலே சொல்லுவார்களே! குற்றம் முழுதும் மாணவனுடையதல்ல. மூன்று வருஷத்துக்குள் முடி, சம்பளம் நின்றுவிடும், விவகாரமான விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லுகிற ஆசிரியர்களிடம் அவன் வேறென்ன செய்வான்? ஓராசிரியர் பள்ளிகளில் நாலு வகுப்பை ஒருவர் எப்படி ஓட்டுகிறார்; 2022இல் ஏற்பட்ட காலை உணவுத் திட்டத்தால் எந்தத் தெருப் பிள்ளைகளின் வருகை எவ்வளவு கூடியது; எந்த ஊரில் சமையல்காரியின் ஜாதியைப் பார்த்துப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள்; பருவமடைந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எந்த வகுப்பில் அதிகம் — இவைகளெல்லாம் ஆராய ஆள் இல்லாமல் கிடக்கின்றன. இவைகளை ஆராயத் துணிகிறவனுக்கு ஐந்து வருஷம் கவலையில்லாமல் சோறு போடுங்கள் என்கிறோம். தமிழ்வழிப் பள்ளியைப் பற்றிய ஆராய்ச்சியை அந்தப் பள்ளி ஆசிரியருக்கே விளங்காத இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணத்தையும் ஒழிக்க வேண்டும்.

நாம் கேட்பது அதிகமல்ல. பரீட்சை வித்தியாசம் பாராமல், முழு நேர ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்ட ஏழை மாணவர் எல்லோருக்கும் பிழைக்கப் போதுமான ஒரே சம்பளம் வேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் போலவே மாதம் பிறந்ததும் அது பாங்கியில் இருக்க வேண்டும். ஆசிரியர் கையெழுத்துக்காக ஒரு மாதச் சோறு நிற்கக் கூடாது. நிறுத்தின சிறுபான்மையார் சம்பளத்தைத் திரும்பவும் ஏற்படுத்த வேண்டும். எதை ஆராய்வது என்பதற்குப் பணம் கொடுப்பவர் வேலி போடக் கூடாது. பேட்டிக்கு மார்க்கே வேண்டாம். வேண்டுமென்று பிடிவாதம் செய்தால், ஒவ்வொரு வருஷமும் ஜாதிவாரியாகப் பேட்டி மார்க்குகளை வெளியிடட்டும், பார்க்கிறோம்.

நம் வாசகர் வீடுகளிலும் உறவிலும் இப்படி ஆராய்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். சம்பளம் எத்தனை மாதமாய் நின்றிருக்கிறது, எந்தக் காரணம் சொல்லப்பட்டது, என்ன விஷயத்தை ஆராய அனுமதி கேட்டு எந்த விஷயம் கொடுக்கப்பட்டது என்ற விவரங்களை அவர்கள் நமக்கு எழுதலாம். எழுதுகிறவர் பெயரும் சர்வகலாசாலையின் பெயரும் வெளியில் வராது. வருகிற கடிதங்களை அடுத்த மாத முதல் வாரத்திலிருந்து இதே பக்கத்தில் பிரசுரிக்க உத்தேசித்திருக்கிறோம்.